விசில் பெரியம்மாவின் ஜெபம்

ஞானராஜின் போனில் இரண்டு வாட்ஸ்அப் குழுக்கள் உண்டு. ஒன்றின் பெயர் ஜெப வீரர்கள்; சபைப் போதகர் நடத்துவது. இன்னொன்று ஜோக் வீரர்கள்; செல்போன் கடை ஆல்வின் நடத்துவது. முதல் பெயரைப் பார்த்து, கொழுப்பெடுத்துத்தான் ஆல்வின் இரண்டாவது பெயரை வைத்தான். இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு மருமகள்களைப் போல அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. ஞானராஜுக்கோ கட்டை விரல் கொஞ்சம் தடிமன். மேற்கொண்டு நடந்ததை யார் வேண்டுமானாலும் ஊகிக்கலாம், அவரைத் தவிர.

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம். ராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர். அடுக்கி வைத்த பேண்டேஜ் துணிக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசினால் எதிரொலி துளிக்கூட இருக்காது, சென்னை ஸ்டூடியோக்காரன் தோற்றுப் போவான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. கம்பெனிக்கு அவர் செய்த கண்டுபிடிப்பு அது ஒன்றுதான். அங்கே உட்கார்ந்துதான் விசில் பெரியம்மா கதைகளைப் பதிவு செய்வார்.

விசில் பெரியம்மாவைத் தெரியாதவர்கள் சபையில் கிடையாது. கழுத்தில் விசில் தொங்கும். சில்லறை தராத கண்டக்டரைப் பஸ்ஸோடு சேர்த்து இறக்கிவிடுவாள். அவள் அதட்டினால் ராஜபாளையம் நாய் உட்காரும், நாயைப் பிடித்திருக்கும் ஆளும் உட்காருவான். செயினை அறுக்க வந்தவனை அறுபது தோப்புக்கரணம் போட வைத்து, மோர் கொடுத்து அனுப்புவாள். எந்தக் கதையிலும் தோற்றதில்லை. அந்தக் குரலை ஞானராஜ் எடுத்துவிட்டால் சபைக் குடும்ப விழாவில் பந்தலே குலுங்கும்.

அவள் யாரென்பதும் ஊருக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஜெயபாய். ஞானராஜின் மனைவி அருள்செல்விக்குப் பெரியம்மா. தாயில்லாத பிள்ளையான அருள்செல்வியைக் கல்யாணமே செய்துகொள்ளாமல் வளர்த்து ஆளாக்கியவர். ஓய்வு பெற்ற பிறகும் விசிலைக் கழற்றியதில்லை. குடும்ப விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து கதையை முழுவதும் கேட்பார், உதடு அசையாது. முடிந்ததும் ஒரு விசில் ஊதி, "அடுத்த நிகழ்ச்சி" என்பார். ஞானராஜ் அந்த ஒரு நொடிக்கு வருஷம் முழுக்கப் பயப்படுவார்.

அன்றைக்குப் பதிவு செய்தது பெரியம்மாவின் ஜெபம். போதகருடைய ஜெபத் தமிழையும் பெரியம்மாவின் வாய்த் தமிழையும் போட்டுக் கலக்கியிருந்தார்.

"ஆண்டவரே, எனக்கு நேரம் வந்துட்டுன்னா நீர் சட்டுன்னு சொல்லிப்போடும். சும்மா இழுத்தடிக்காதேயும். நான் வரிசையில நின்னே வாரேன், எவளையும் இடிச்சுக்கிட்டு வர மாட்டேன். ஆனா அங்க மோட்ச வாசல்ல வரிசை ஒழுங்கா இல்லன்னா நான் விசில் ஊதுவேன், பொறவு என்னையச் சொல்லப்படாது. பேதுரு சாவிய வச்சிக்கிட்டுத் தூங்குதாராமே, அவருக்கு டெய்லி காலையில டிரில் பீரியடு. எனக்குப் பயம்னு நெனச்சீரா? கூப்பிடும், பாப்போம். அம்புட்டுத்தான். ஆமென்." கடைசியில் நிஜ விசில் ஒன்று.

அனுப்பிவிட்டு, தயிர்ச் சோற்று டப்பாவைத் திறந்தார். போன் அதிர்ந்தது. 'ஆமென்.' ஜோக் வீரர்களுக்குக் குசும்பு அதிகம் என்று நினைத்துக்கொண்டார். மறுபடி அதிர்ந்தது. 'ஆமென், கர்த்தர் பெலன் தருவார்.' கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஆல்வின் இவ்வளவு கைகளைக் கூப்புகிறவன் இல்லையே என்று மேலே பார்த்தார். ஜெப வீரர்கள்.

பதிவை அழுத்தினார், குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தினார். போன் ஏதோ கேட்டது. பதற்றத்தில் எது கிடைத்ததோ அதில் விரலை வைத்தார். 'எல்லோருக்கும் நீக்கு' மேலே இருந்தது. அவர் அழுத்தியது அதற்குக் கீழே இருந்த 'எனக்கு மட்டும் நீக்கு.' இப்போது அந்தப் பதிவு அவரைத் தவிர உலகத்தில் எல்லோரிடமும் இருந்தது.

ஜெபக் குழுவில் கேலி வரும் என்று யாரும் நினைக்கவில்லை; குரல் வேறு அவ்வளவு பொருத்தமாக இருந்து தொலைத்ததால், டீச்சர் பேசியதைத்தான் மருமகன் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அது புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் போதகரின் செய்தி வந்தது.

'ஜெயபாய் டீச்சரே வாய் திறந்து சொல்லிவிட்டார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை. வியாழக்கிழமைக்காக அனைவரும் ஊக்கமாய் ஜெபிப்போம்.'

ஞானராஜ் அதை இரண்டு தடவை படித்தார். எதை மறைக்க ஒன்றுமில்லை? வியாழக்கிழமை என்ன? அதுவரை அவருக்கு இருந்தது டீச்சரிடம் மாட்டிக்கொள்ளும் பயம். அது பழகிய பயம். இது பழகாதது.

அருள்செல்விக்குப் போன் போட்டார்.

"ஏட்டி, பெரியத்தைக்கு ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்காவ."

"ஐயர் வியாழக்கிழமைங்காரு. மறைக்க ஒண்ணுமில்லங்காரு." போதகரை அந்தப் பக்கத்துச் சபைகளில் ஐயர் என்றுதான் சொல்வார்கள்.

"குக்கர் வச்சிருக்கேன், பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டாள்.

அருள்செல்வி ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். திங்கட்கிழமை மத்தியானம் அவள் மேஜையில் ஸ்டாம்ப் பேடு இருக்கும், வருகைப் பதிவேடு இருக்கும். குக்கர் இருக்காது.

போதகரைக் கூப்பிட்டார். அவரே முந்திக்கொண்டார். "பிரதர், நானே ஒங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு டீச்சர் என் வாயக் கட்டிப் போட்டிருந்தாங்க. எப்படிப் பேச வச்சீங்க?"

"ஐயா, அது வந்து, விஷயம் என்னன்னா..."

"ஒங்களுக்கு விஷயம் தெரியும்லா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியாது என்றால் அந்தக் குரல் யாருடையது என்ற கேள்வி வரும். "தெரியும், தெரியும்" என்றார் ஞானராஜ்.

"அப்ப ஜெபிங்க" என்று போதகர் வைத்துவிட்டார்.

அடுத்து ஆல்வினே கூப்பிட்டான். "அண்ணாச்சி, நம்ம குழுவுக்கு ஒண்ணும் வரல. எங்கம்மா போன்ல வந்துருக்கு. அழுதுக்கிட்டே வேன் பிடிச்சுட்டா. பெண்கள் சங்கம் மொத்தமும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கெளம்பிட்டு."

"நிப்பாட்டுல, வேன நிப்பாட்டு. அது நான் பேசுனது."

"அது எனக்குத் தெரியும் அண்ணாச்சி. எங்கம்மாகிட்டச் சொன்னேன். செத்துக்கிட்டு இருக்க பொம்பளைய வச்சா கேலி பேசுதன்னு என்னைய அடிக்க வந்துட்டா."

செத்துக்கிட்டு இருக்க பொம்பளை. ஆல்வின் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். ஞானராஜ் தானும் அங்கே போவதாக அவனிடம் சொல்லிப் போனை வைத்தார். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, அரை நாள் பெர்மிஷன் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அது நடையா ஓட்டமா என்று பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் இவ்வளவு மெதுவாகப் போகும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து, மேற்கே மலையைப் பார்த்தார். மலை அங்கேயேதான் இருந்தது. உதவியாக ஒன்றும் சொல்லவில்லை. போன மாதம் டீச்சர் வீட்டுக்கு வந்திருந்தபோது இரண்டு தோசையோடு எழுந்துகொண்டது ஞாபகம் வந்தது. அதைக்கூட அவர் கதையாக்கியிருந்தார்: விசில் பெரியம்மா தோசைக் கல்லையே முறைத்ததில் தோசை தானாகத் திரும்பிக்கொண்டது என்று. நல்ல வரவேற்பு.

பாதி வழியில் அருள்செல்வியின் செய்தி வந்தது. 'நீங்க அங்க போறீங்கன்னு ஆல்வின் சொன்னான். என்னைய மன்னிச்சிருங்க. ஒங்ககிட்டச் சொல்லவே கூடாதுன்னு பெரியம்மா சொல்லிட்டாங்க. சொன்னா கதையாக்கிருவீங்களாம்.'

முன் சீட்டில் ஒரு குழந்தை இவரையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. வழக்கமாக இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு ஒரு மூஞ்சி காட்டுவார். இன்றைக்கு எந்த மூஞ்சியும் வரவில்லை.

டீச்சர் வீட்டுத் தெருவை அடைத்துக்கொண்டு வேன் நின்றது. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. சாவு வீட்டில்தான் செருப்புகள் இப்படிக் கிடக்கும் என்று ஒரு நினைப்பு வந்து, அதை விரட்டுவதற்குள் உள்ளேயிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது.

முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் டீச்சர். எதிரே பெண்கள் சங்கம். மேஜை மேல் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு கடை வைக்கிற அளவுக்கு.

"ஆப்பிள வச்சிட்டு அப்படியே வலது பக்கமா நகருங்க. பின்னால நிக்கவ எட்டிப் பாக்காத, ஒன் முறை வரும்." டீச்சரின் குரல் கணீரென்று மேலே போனது.

"டீச்சர், ஒடம்புக்கு என்னன்னு சொல்லுங்க. குறிப்பாச் சொன்னா ஜெபிக்கத் தோதா இருக்கும்" என்றாள் ஆல்வினின் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஒடம்பு லீவு லெட்டர் குடுத்துருக்கு. நான் இன்னும் சாங்க்ஷன் பண்ணல." சிரிப்பு. "அப்படியே கூப்பிட்டாலும் என்ன, பேதுருவுக்கு டிரில் பீரியடு எடுக்க ஆள் வேணும்லா." இன்னும் பெரிய சிரிப்பு. அழ வந்தவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஞானராஜ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அவருடைய வசனம். அந்த ஏற்ற இறக்கம், கடைசி வார்த்தையில் கொடுக்கும் அந்த வெட்டு, எல்லாம் அவர் துணிக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து செய்தது. நிஜ ஜெயபாய் டீச்சர் இப்படிப் பேசவே மாட்டார். குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் வந்துதான் பேசுவார். அதனால்தான் பிள்ளைகள் நடுங்குவார்கள். இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது விசில் பெரியம்மா. தன்னுடைய வேஷத்தைத் தானே போட்டுக்கொண்டிருந்தார் டீச்சர்.

அவர் கழுத்தில் விசில் இல்லை. வலது கையை உடம்போடு ஒட்டி, மடியில் ஒரு துண்டின் மேல் வைத்திருந்தார். எல்லாவற்றையும் இடது கையால் வாங்கினார்.

"வாங்க மாப்ள" என்றார் டீச்சர், அவரைப் பார்த்து. "ஒங்க புண்ணியத்துல வீட்ல இந்த வருஷத்துக்கு ஆப்பிள் வாங்க வேண்டாம்."

திட்டவில்லை. முறைக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஞானராஜுக்கு.

ஒரு பாட்டு, ஒரு ஜெபம், எல்லோருக்கும் காப்பி. வேன் கிளம்பிப் போனது. வீடு சட்டென்று அமைதியானது. டீச்சரின் முகத்திலிருந்தும் ஏதோ கிளம்பிப் போயிருந்தது. நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். அவ்வளவு சிறிய உடம்பு என்று ஞானராஜ் எப்போதுமே கவனித்ததில்லை.

"கதவச் சாத்துங்க மாப்ள."

சாத்தினார். சாத்திவிட்டு, உட்காரலாமா என்று தெரியாமல் கதவருகிலேயே நின்றார்.

"அதப் போடுங்க. ஆல்வின் அம்மா போன்ல அரையும் குறையுமாத்தான் கேட்டேன். நடுநடுவே அவளுக்கு அழுகை வந்துட்டு."

"அழிச்சிட்டேன் அத்தை."

"அழிச்சாச்சா? பொறவு எப்படி இம்புட்டுப் பேரும் வந்தாங்க?"

"எம் போன்ல மட்டும் அழிஞ்சிட்டு. மத்த எல்லார்ட்டயும் இருக்கு."

டீச்சர் அவரையே பார்த்தார். "கம்பெனில ஒங்களுக்கு எந்த செக்ஷன்?"

"சரக்கு அனுப்புற செக்ஷன்."

"சரிதான்" என்றார் டீச்சர். பிறகு, "அப்ப வாயால சொல்லுங்க."

"அத்தை, நான் வேணும்னு..."

"சொல்லுங்க மாப்ள. எனக்கு முழுசாக் கேக்கணும்."

ஞானராஜ் கையைக் கட்டிக்கொண்டு, அறையின் நடுவில் வந்து நின்றார். பந்தலில் நூற்றுக்கணக்கான பேருக்கு முன்னால் கூசாத உடம்பு, ஒரே ஒருத்தருக்கு முன்னால் கூசியது. தொண்டையைச் செருமி, அந்தக் குரலை எடுத்தார். பாதிக் குரல்தான் வந்தது. "ஆண்டவரே, எனக்கு நேரம் வந்துட்டுன்னா நீர்..." அதற்கு மேல் வரவில்லை. மறுபடி தொடங்கினார். அதே இடத்தில் மறுபடியும் நின்றது.

"போதும், உக்காருங்க" என்றார் டீச்சர். இது அவருடைய நிஜக் குரல், தாழ்ந்த குரல். "அதுல ஒரு தப்பு இருக்கு. அத வச்சுத்தான் நான் பேசல, நீங்க பேசினதுன்னு கேட்ட ஒடனே சொல்லிருவேன். நான் அவர நீர்னு கூப்பிடுறது சபையில மட்டும். வீட்ல நானும் அவரும் தனியா இருக்கப்போ நீதான். நீ வா, நீ போ, நீ எங்க போய்த் தொலஞ்சன்னு."

ஞானராஜ் சிரிக்கப் பார்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"பொறவு, ஒங்க விசில் பெரியம்மா 'கூப்பிடும், பாப்போம்'ங்கா. நான் அப்படியெல்லாம் கேக்குறதில்ல."

"நீங்க என்ன கேக்கீய அத்தை?"

"காப்பி ஆறுது, குடிங்க."

குடித்தார். ஆறித்தான் இருந்தது.

"ஒங்க பெரியம்மாவ எனக்குப் பிடிக்கும் மாப்ள" என்றார் டீச்சர், மேஜை மேலிருந்த ஆப்பிள்களைப் பார்த்துக்கொண்டு. "மொத வரிசையில சிரிச்சா எம் மதிப்பு போயிரும்னு வாய இறுக்கி வச்சிருப்பேன். வீட்டுக்கு வந்து, கதவச் சாத்திட்டுச் சிரிப்பேன். அந்த நாய் கத ஒண்ணு உண்டுல்லா, அதுக்கு எனக்கு வயித்து வலியே வந்துட்டு. ஆனா இந்த ஒரு மாசமா அவ மேல எரிச்சலா வருது. கண்டக்டரு, திருடன், நாயி, எதுக்கும் அசர மாட்டேங்கா. ஏன் மாப்ள, அவளுக்குப் பயமே வராதா?"

"வந்தா ஜனங்க சிரிக்க மாட்டாங்களே அத்தை."

"அதான். இங்க வந்தவங்களும் அவளத்தான் பாக்க வந்தாங்க. வாசல்ல நிக்கும்போது ஒவ்வொருத்தி மொகத்தையும் பாத்தேன். நான் என்னத்தச் செய்ய, அவ மாதிரியே ரெண்டு போடு போட்டு அனுப்பி வச்சேன்." இடது கையால் நெற்றியைத் துடைத்தார். "ரொம்ப அசதியா இருக்கு அவளா இருக்கது. நீங்க எப்படி வருஷக்கணக்காச் செய்யுதீய?"

இதற்கு ஒரு பதில் ஞானராஜின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நல்ல பதில்தான், பந்தலில் சொன்னால் கைதட்டு விழும். எந்தச் சங்கடத்திலும் அவருக்கு அப்படி ஒன்று வந்து நிற்கும், அதைப் பிடித்துக்கொண்டு மறுகரைக்குத் தப்பித்துவிடுவார். இதுவரை அப்படித்தான் காலம் ஓடியது. அந்தப் பதிலை விழுங்கினார். வெறும் காப்பியைவிடக் கசப்பாக இறங்கியது.

நாற்காலியை இழுத்து டீச்சருக்கு எதிரே போட்டுக்கொண்டார். இவ்வளவு பக்கத்தில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"அத்தை, அருள் குக்கர் வச்சிருக்கேன்னு சொல்லிப் போன வச்சிட்டா. ஐயர் ஜெபிங்கன்னு சொல்லிட்டாரு. நீங்க காப்பி குடிங்கங்கீய. வியாழக்கிழமை என்ன? எனக்குச் சொல்லுங்க. நான் இத யார்ட்டயும் பேச மாட்டேன். கதையாவும் ஆக்க மாட்டேன்."

டீச்சர் ஞானராஜின் முகத்தை மெல்ல அளந்து பார்த்தார். வரிசையில் கடைசியில் நிற்கும் பிள்ளை பொய் சொல்லுகிறதா என்று பார்ப்பதைப் போல. பிறகு மேஜை டிராயரை இடது கையால் திறந்து, விசிலைக் கயிற்றோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வலது மார்ல ஒரு கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாத்தாங்க. புத்துநோய்தான்னு சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை மதுரையில ஆப்பரேஷன்." விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நடக்கும்போது சரியா அது மேல வந்து இடிக்கி. அதான் கழட்டி வச்சேன். சாயங்காலம் ஆனா கழுத்து வெறுங்கழுத்தா இருக்கது என்னமோ போல இருக்கு."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

ஞானராஜ் வாயைத் திறந்தார். வந்தது பெரியம்மாவின் குரல் இல்லை, அவருடைய சொந்தக் குரல்.

"பயமா இருக்கா அத்தை?"

டீச்சர் விசில் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"ஆமா மாப்ள" என்றார். "ரொம்பப் பயமா இருக்கு."